இரவுச் சாப்பாடும் நாட்டியமும்: ஜாலான் ஈப்போ மண்டபம் ஏன் மூடியது?

செந்தூல்_சலங்கை எழுதியது:

வணக்கம் உறவுகளே. போன சனிக்கிழமை கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு வேலையாகப் போனேன். நான் நாலு வருடம் ஆடிய மண்டபம் இப்போது டயர்க் கிடங்கு. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். மேடை இருந்த இடத்தில் மட்டும் சிமெண்டுத் தரை வெளிறி, நீள்சதுரமாகத் தெரிகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த இழை.

தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய இடம். இரவு உணவு, கூடவே நாட்டியம். பெயரைப் போட மாட்டேன், முதலாளியின் பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில்தான் தொழில் செய்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள். எட்டரைக்கு விளக்கை அணைத்தால் ஒன்பதே காலுக்குள் முடித்தாக வேண்டும். முதலில் இனாங், அப்புறம் ஸாபின் (இரண்டும் மலாய் நடனங்கள்), சீன விசிறி நடனம், நடுவில் நம் பரதநாட்டியம் ஆறு நிமிடம், பிறகு சபா மாநிலத்தின் சுமாசாவ் நடனம், கடைசியில் விருந்தாளிகளையும் மேடைக்குக் கூப்பிட்டு ஜோகெட் என்ற மலாய் ஆட்டம். எட்டுப் பெண்கள், நாலு ஆண்கள், எல்லோரும் எல்லாவற்றையும் ஆட வேண்டும். ஜோகெட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு மலாய்த் தோழி. அவளுக்கு அரைமண்டி உட்காரச் சொல்லிக் கொடுத்தது நான்.

ஓர் இரவுக்கு 40 வெள்ளி (ரிங்கிட்), ஆட்டம் முடிந்ததும் சாப்பாடு. உடை மாற்றும் இடம் தட்டுக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு திரை, அவ்வளவுதான். பரதத்திலிருந்து சுமாசாவுக்கு மாற 4 நிமிடம். சலங்கையின் கொக்கியைக் கழற்ற நேரம் போதாது என்று தோல் பட்டையில் வெல்க்ரோ தைத்துக்கொண்டோம். அதைப் பிரிக்கும் ‘சர்ர்’ என்ற சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அந்த மண்டபம் எப்படி விழுந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: சுற்றுப்பயணிகள் வரவில்லை, பஸ் நின்றது, கடையும் நின்றது என்று. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பஸ் வராததால் மூடவில்லை. பஸ்ஸுக்காக மட்டுமே நடத்தியதால் மூடியது. அந்தக் காலத்து ஆட்கள் இங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள்.

அடுப்படி எழுதியது:

அக்கா, நான் உங்கள் மண்டபத்தில் இல்லை. ஆனால் இதே மாதிரி வேறோர் இடத்தில் ஆறு வருடம் சமையலறையில் நின்றவன். உங்கள் பதிவைப் படித்ததும் வியர்த்துவிட்டது.

எங்கள் இடத்தில் ஆட்டம் தொடங்கும் நேரத்தை அடுப்புதான் முடிவு செய்யும். பஃபே தட்டுகளை ஏழரைக்குத் திறப்போம். ரெண்டாங் (சுண்டவைத்த மசாலா இறைச்சி), பொரித்த கோழி, மீன் கறி, ஒரு காய்கறி, சாத்தே (குச்சியில் குத்திச் சுடும் இறைச்சி). சாத்தேதான் பெரிய தொல்லை. கரி அடுப்பில் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆறினால் ரப்பர். விளக்கை அணைத்தால் யாரும் எழுந்து வந்து எடுக்க மாட்டார்கள், எல்லாம் வீணாகும். அதனால் ஆட்டம் நடக்கும்போதும் பஃபே பக்கத்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மேடையில் பாவம் அந்தப் பிள்ளைகள் ஆடும்போது, எதிரே மூடியைத் திறந்து மூடும் சத்தம் டங் டங்கென்று கேட்கும். நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, அக்கா. அடிக்கடி மூடாவிட்டால் குழம்பில் ஆடை கட்டிவிடும்.

இன்னொன்று, காரம். “வெள்ளைக்காரன் சாப்பிட மாட்டான், குறை” என்பார்கள். குறைத்துக் குறைத்து, கடைசியில் அது எந்த ஊர்ச் சாப்பாடும் இல்லை. உள்ளூர்க்காரன் ஒரு தடவை வந்தால் மறுபடி வர மாட்டான். நான் பார்த்த வரையில் அங்கேதான் சரிவு தொடங்கியது.

லெபோ_பசார் எழுதியது:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். சாப்பிட வந்த கூட்டத்துக்கும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கும் ஆடுவது நம் நாட்டில் சுற்றுலாத் துறை கண்டுபிடித்ததல்ல.

1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்தன. அதைப் பார்த்துத்தான் இங்கே பங்சவான் என்ற மலாய் மேடை நாடகம் பிறந்தது. மாமாக் பூஷி என்பவர் 1885-இல் பினாங்கில் தொடங்கிய குழுவைத்தான் முதல் பங்சவான் குழு என்கிறார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. காட்சி முடிந்து திரைச்சீலை மாற்றும் நேரத்தில் கூட்டம் கலைந்துவிடக் கூடாது என்று ஒரு பாட்டோ ஆட்டமோ வைப்பார்கள். ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்று பெயர். நாளடைவில் அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது. இடைவெளியை நிரப்ப வந்த ஆட்டம் கதையை விடப் பெரிதாகிவிட்டது.

அப்புறம் கேளிக்கைப் பூங்காக்கள். பினாங்கில் நியூ வோர்ல்ட், கோலாலம்பூரில் பிபி பார்க். ஒரே வேலிக்குள் பங்சவான், குத்துச்சண்டை, ஜோகெட் மேடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் இருக்கும். ஜோகெட் மேடையில் டிக்கெட் வாங்கி ஒரு பாட்டுக்கு ஒரு பெண்ணோடு ஆடலாம். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சம்பள நாளில் நியூ வோர்ல்டுக்குப் போய் வந்ததைப் பாட்டி இல்லாத நேரத்தில்தான் சொல்வார். பிபி பார்க் இருந்த இடத்தில் இப்போது சுங்கை வாங் பிளாசா நிற்கிறது. நியூ வோர்ல்ட் இருந்த இடத்தில் அதே பெயரில் ஓர் உணவு வளாகம். சாப்பாடு மிஞ்சியது, ஆட்டம் போய்விட்டது.

அந்தப் பூங்காக்களின் வாடிக்கையாளர் யார்? துறைமுகத் தொழிலாளி, ரிக்ஷாக்காரர், கடைச் சிப்பந்தி. இந்த ஊர்க்காரர்கள். ஆகவே சலங்கை அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வண்டிச்சக்கரம் எழுதியது:

நான் சுற்றுலா வேன், பிறகு பெரிய பஸ், இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன். தங்கச்சி சொன்ன மண்டபத்துக்கும் ஆள் இறக்கியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். பின்பக்கம் பஸ் திருப்ப இடம் இல்லாமல் சாக்கடை ஓரத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய இடம்தானே?

பஸ்ஸைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் பஸ் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1990-ஐ மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாக அறிவித்தார்கள். அந்த ஒரே வருடத்தில் 74 லட்சம் பேர் வந்தார்கள். 1994-இல் மறுபடியும் அறிவித்தார்கள். வந்தவர்களைச் சாயங்காலம் எங்கே கொண்டுபோவது? பகலில் பத்துமலை, தேசிய நினைவுச் சின்னம், பியூட்டர் தொழிற்சாலை. இரவுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் கலாசார நடன இரவு உணவு. ஜாலான் அம்பாங்கில் மேட்டிக் என்ற சுற்றுலா மைய வளாகத்தில் பாடகி சலோமா பெயரில் நடந்த உணவகம், ஜாலான் கொன்லேயில் ஸ்ரீ மெலாயு, இந்த இரண்டும் பெரியவை. மேட்டிக் 1935-இல் கட்டிய பங்களா, 1959-இல் மலாயாவின் முதல் நாடாளுமன்றம் கூடிய இடம். அந்த மாதிரிக் கட்டடமே பயணியை இழுக்கும். சின்ன மண்டபங்களுக்கு அது இல்லை. அவர்களிடம் இருந்தது விலைக் குறைப்பு மட்டும்தான்.

இப்போது கணக்கு. பயணி, சுற்றுலா முகவரிடம் மொத்தமாகக் கட்டிவிடுவார். முகவர் மண்டபத்துக்கு வவுச்சர் கொடுப்பார். வவுச்சரைக் காட்டி மண்டபம் காசு வாங்க 60 நாள், சில நேரம் 90 நாள். ஆனால் கோழிக்காரனுக்கும் கேஸ்காரனுக்கும் வாரக் காசு. ஆள் கொண்டுவந்ததற்கு வழிகாட்டிக்குத் தனியாக, எனக்கும் கொஞ்சம். வாங்கினேன், மறைக்கவில்லை. அந்தக் காசு நடனமாடிய பிள்ளைகளின் கூலியிலிருந்துதான் வந்தது என்று அப்போது நான் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைக்கிறேன்.

1997-இல் புகைமூட்டம், கூடவே பண நெருக்கடி. 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று வெள்ளியின் மதிப்பைக் கட்டிப் போட்டார்கள். வெளிநாட்டுக்காரருக்கு நம் நாடு மலிவாகத் தெரிந்ததும் நல்ல காலம் வரும் என்று முதலாளிகள் நினைத்தார்கள். வந்தார்கள், ஆனால் மலிவுச் சுற்றுலாவில் வந்தார்கள். முகவர்கள் ஆளுக்கு இன்னும் குறைக்கச் சொன்னார்கள். 2003-இல் சார்ஸ் நோய். நான் வெறும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு டிப்போவுக்குத் திரும்பிய நாட்கள் அவை.

நட்டுவாங்கம் எழுதியது:

இழையை நாலு நாளாகப் படிக்கிறேன். மனது பொறுக்காமல் எழுதுகிறேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். என் மாணவி ஒருத்தி அந்த மாதிரி ஒரு மண்டபத்தில் ஆடப் போனபோது நான் அனுமதி கொடுக்கவில்லை. மூன்று மாதம் அவளோடு பேசவும் இல்லை.

பரதம் சாமிக்கு முன்னால் ஆடியது. அதை எச்சில் தட்டுக்கு முன்னால் ஆடக் கூடாது. முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவில் அபிநயம் எப்படி நிற்கும்? ஆறு நிமிடம் என்கிறீர்கள். ஒரு வர்ணம் முக்கால் மணி நேரம். ஆறு நிமிடத்தில் காட்டுவது நாட்டியத்தின் விளம்பரம், நாட்டியம் இல்லை.

இந்த ஊரில் நல்ல வழிகளும் இருந்தன. 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைப்பள்ளி பிரிக்பீல்ட்ஸில் இன்றைக்கும் நடக்கிறது. அவர்களுடைய அன்னலட்சுமி உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம். சமையலும் ஆட்டமும் ஒரே கூரையின் கீழ்தான், ஆனால் ஒன்றை இன்னொன்று தொந்தரவு செய்வதில்லை. 1983-இல் நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிம் தொடங்கிய சூத்ரா நடனக் குழு, தித்திவாங்சாவில் திறந்த வெளி மேடையில் ஒடிசியும் பரதமும் வைத்தது. உட்கார்ந்து பார்க்க வந்தவர்களுக்கு ஆடினார்கள். அந்த இரண்டும் நிற்கின்றன. உங்கள் மண்டபம் நிற்கவில்லை. காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

செந்தூல்_சலங்கை எழுதியது:

டீச்சர், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. என் குருவும் இதையேதான் சொன்னார். ஆனால் ஒன்று சொல்ல விடுங்கள். அரங்கேற்றம் முடித்த பிறகு எங்களுக்கு மேடை எங்கே இருந்தது? வருடத்தில் ஒரு தடவை கோயில் திருவிழா, ஒரு தடவை பள்ளி ஆண்டு விழா. அப்பா லோரி ஓட்டுநர். அரங்கேற்றத்துக்கு வாங்கிய கடனையே மூன்று வருடம் கட்டினார். அந்த 40 வெள்ளிதான் என் தம்பியின் டியூஷன் காசு. வாரத்தில் ஆறு நாள் ஆடியதால்தான் என் கால் கெட்டியானது. கும்பிட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் அந்தப் பலகையில் கால் வைத்தேன்.

முள்கரண்டிச் சத்தம் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு ஓர் இரவைச் சொல்ல வேண்டும்.

ஒரு தீபாவளி மாதம். ஒரு பெரிய குழு கடைசி நேரத்தில் வராமல் போய், சனிக்கிழமை இரவுக்கு 80 இடம் காலி. சமைக்கச் சாமான் எல்லாம் வாங்கியாகிவிட்டது. முதலாளி என்ன செய்தார், வேலைக்காரர்களிடம் “உங்கள் வீட்டு ஆட்களைக் கூட்டி வாருங்கள், ஆளுக்குப் 10 வெள்ளி போதும்” என்றார். செந்தூல், கெப்போங், பத்து ஆராங் வரை சொல்லி அனுப்பினோம். குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். பட்டுச் சேலை, குழந்தைக்குப் புதுச் சட்டை, ஒரு பாட்டி கையில் மல்லிகைப் பூப் பொட்டலம். சமையலறையில் ஒரு அண்ணன், “இன்னைக்கு நம்ம ஆளுங்க” என்று சொல்லி ஆட்டுக் கறியில் மிளகைக் கூடப் போட்டார்.

வழக்கமான வரிசையில்தான் ஆடினோம். எங்கள் முறை வந்தது. மேடையில் எப்போதும் ஒரு சிவப்புக் கம்பளம் போட்டிருப்பார்கள், அது கால் சத்தத்தைத் தின்றுவிடும். அன்றைக்கு ஆண் நடனமணி ஒருவர் யாரையும் கேட்காமல் அதைச் சுருட்டிவிட்டார். வெறும் பலகை. முதல் தட்டடவு விழுந்ததும் கூடம் முழுக்கக் கேட்டது. அப்போது நான் பார்த்தேன், டீச்சர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. சோறு கையிலேயே காய்ந்தது. பூப் பொட்டலம் கொண்டுவந்த பாட்டி வலது கையைத் தட்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் தொடையில் தாளம் போட்டார். முடியும் வரை போட்டார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அடுத்த வாரம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து முதலாளியிடம் போய்க் கேட்டோம்: மாதத்தில் ஒரு இரவு இந்த மாதிரி உள்ளூர்க்காரர்களுக்கு வைக்கலாம், 25 வெள்ளி வைத்தாலும் வருவார்கள் என்று. அவர் கெட்டவர் இல்லை. கையில் கால்குலேட்டரோடு பொறுமையாகப் பேசினார். சனிக்கிழமை ஒரு நாற்காலிக்கு முகவர் 45 வெள்ளி தருகிறார், 25 எதற்கு என்றார். கணக்கு சரிதான். ஆனால் அந்த 45 வெள்ளி மூன்று மாதம் கழித்துதான் வந்தது. பிறகு வரவே இல்லை. முகவர் ஒருவர் கடையை மூடிவிட்டுப் போனபோது எங்கள் மண்டபத்துக்கு வர வேண்டிய வவுச்சர்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. என் கண்ணால் பார்த்தேன்.

அந்த 80 பேரும் காசைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள். போகும்போது மறுபடி எப்போது என்று கேட்டுவிட்டுப் போனவர்கள். அவர்களுக்கு நாங்கள் பதில் சொல்லவே இல்லை. என் கருத்துக்குக் காரணம் இதுதான்.

அடுப்படி எழுதியது:

அக்கா, மிளகு கூடப் போட்ட அந்த அண்ணனுக்கு என் வணக்கம்.

சுபாங்_தம்பி எழுதியது:

அக்கா, அண்ணே, டீச்சர், எல்லோருக்கும் வணக்கம். நானும் நண்பர்களும் சின்ன அளவில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறோம். இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று இரவு இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். இப்போது இதைச் செய்தால் நிற்குமா?

நான் விசாரித்த வரை சில விஷயம் மாறியிருக்கிறது. டிக்கெட் விலையில் 25 விழுக்காடு கேளிக்கை வரி என்று இருந்தது. கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களில் உள்நாட்டுக் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளுக்கு 2024 முதல் அதில் முழு விலக்கு. ஆனால் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) உரிமம் எடுத்துத்தான் ஆக வேண்டும், உணவகத்துக்கு வேறு, கேளிக்கைக்கு வேறு.

ஒரு பயமும் இருக்கிறது. 2019-இல் நாட்டுக்கு 2 கோடியே 61 லட்சம் சுற்றுப்பயணிகள் வந்தார்கள். 2020 மார்ச் 18-இல் எம்சிஓ, அதாவது கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. 2021-இல் வந்தவர்கள் ஒன்றரை லட்சம்கூட இல்லை. பயணிகளை மட்டும் நம்பிய எந்த இடமும் அதைத் தாண்டியிருக்க முடியாது. அதனால் அக்கா சொல்வது போல உள்ளூர்க் கூட்டத்தை வைத்துத்தான் யோசிக்கிறோம். ஆனால் உள்ளூர்க்காரர் மாதம் ஒரு தடவை வருவாரா? ஒரு குடும்பத்துக்கு 200 வெள்ளி ஆகிவிடும். அந்தக் காசுக்கு மால் போவார்கள், படம் பார்ப்பார்கள்.

வண்டிச்சக்கரம் எழுதியது:

தம்பி, தங்கச்சி சொன்னதைக் கவனமாகப் படி. அன்றைக்கு 80 பேர் வந்தது வேலைக்காரர்கள் வாய் வார்த்தையாகச் சொன்னதால். எல்லோருக்கும் ஆடுகிற பிள்ளையையோ அடுப்பில் நிற்கிற பையனையோ தெரியும். எங்கள் பஸ்ஸில் வந்தவர்களுக்கு யாரையும் தெரியாது. இடத்தைத் தேடுவதற்கு முன்னால் அந்த மாதிரி 80 பேரைத் தேடு. வாடகைக்கு மண்டபம் எடுக்காதே. மதியத்தோடு மூடும் வாழையிலைக் கடைகள் இருக்கின்றன, இரவில் சும்மாதான் கிடக்கின்றன. பேசிப் பார். ஆட்களை ஏற்றி இறக்க நான் வருகிறேன், காசு வேண்டாம்.

அடுப்படி எழுதியது:

சாப்பாட்டை முதலில் முடித்துவிடு தம்பி. பஃபே வேண்டாம். இலை போட்டுப் பரிமாறி, இலையை எடுத்து, மேசையைத் துடைத்த பிறகு விளக்கை அணை. டீச்சர் சொன்ன எச்சில் தட்டுப் பிரச்சினையும் தீரும், மூடிச் சத்தமும் இருக்காது. ஆட்டம் முடிந்ததும் பாயசமும் காப்பியும் கொடுத்தால் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள்.

லெபோ_பசார் எழுதியது:

இங்கே ஜார்ஜ்டவுனில் நாங்களும் ஒரு தடவை யோசித்துவிட்டு விட்டோம். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாடு போய்விட்டது. 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டம் கிடைத்த பிறகு லிட்டில் இந்தியாவைச் சுற்றி வாடகை எங்களுக்கு எட்டவில்லை. இரவில் சும்மா கிடக்கும் கடை என்ற யோசனை நல்ல யோசனை. முதல் இரவு வைத்தால் சொல்லுங்கள், பட்டர்வொர்த்திலிருந்து ரயில் பிடித்து வருகிறேன்.

நட்டுவாங்கம் எழுதியது:

இலை எடுத்த பிறகு என்றால் எனக்கு மறுப்பில்லை. பலகை போட வேண்டும், கம்பளம் கூடாது. டைல்ஸில் ஆட விடாதீர்கள், பிள்ளைகளின் முட்டி போய்விடும்.

சலங்கை அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆறு நிமிடத்தில் எதை ஆடினீர்கள்?

செந்தூல்_சலங்கை எழுதியது:

தில்லானா, டீச்சர். பாட்டு டேப்பில் பதிவு செய்தது. தொடக்கத்தில் இரண்டு கோர்வையை எடுத்துவிட்டோம், மெய்யடவைப் பாதியாக்கினோம். சரணத்தையும் வெட்டச் சொன்னார்கள், யாருக்கும் புரியாத இரண்டு வரி எதற்கு என்று. அதை மட்டும் நான் விடவில்லை. முருகன் மேல் அந்த இரண்டு வரி வரும்போது மேசையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சமையலறைக் கதவு கொஞ்சம் திறக்கும். தட்டுக் கழுவும் அக்காக்கள் இரண்டு பேர், கையில் சோப்பு நுரையோடு, அந்த இரண்டு வரி முடியும் வரை நிற்பார்கள். அப்புறம் கதவு மூடிக்கொள்ளும். நாலு வருடமும் நான் அந்தக் கதவைப் பார்த்துத்தான் அபிநயம் பிடித்தேன்.